கொட்டகைப் பக்கம் வைத்த ஏசி

அன்று வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: நான், உன் அப்பா, உன் மனைவி சுகன்யா, அவள் இடுப்பில் குழந்தை, ஏசி ரிப்பேருக்கு வந்திருந்த பாஸ்கர், வெள்ளிக்கிழமை வீடு தெளிக்கக் கோமியம் வாங்கச் சொம்போடு வந்து நின்ற பக்கத்து வீட்டு ராணி. நீ இல்லை. நீ கத்தாரில் இருந்தாய். நீ இருந்திருந்தால் நான் அந்தப் பேச்சைப் பேசியிருக்க மாட்டேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் உண்மையில்லை. நீ இருந்திருந்தால், அவள் தனியாக அடுப்படிக்கு வரும்வரை காத்திருந்து, அதையே குரலைத் தாழ்த்திப் பேசியிருப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

தம்பி, போனில் இதைச் சொல்ல நான் முயற்சி பண்ணாமல் இல்லை. ஆரம்பித்தாலே நீ "சரிம்மா, விடும்மா" என்கிறாய். விடச் சொல்லும்போது உனக்கு அது பெரிய மனசாகத் தெரிகிறது. எனக்கு வாயை அடைத்த மாதிரி இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்தான். மீதியை சாமி புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்தும், வரவு செலவு எழுதிப் பார்த்தும் கற்றுக்கொண்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இந்தக் கடிதத்தை நீ மட்டும் படித்து மடித்து வைக்க வேண்டாம். சுகன்யா படிக்கட்டும், அவள் அம்மா படிக்கட்டும், உன் ரூமில் இருக்கும் பிள்ளைகள் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. நாலு பேர் முன்னால் பேசியதை ஒருவன் காதில் மட்டும் சொல்லித் திருத்திவிட முடியாது.

தை மாதம் லீவில் வரும்போது குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதைக் குத்தாலத்தில் சுகன்யாவின் அம்மா வீட்டில் வைத்துக்கொள்கிறோம், நீங்களும் அப்பாவும் காலையில் வந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று எழுதியிருந்தாய். சொந்தப் பேரன் காது குத்துக்கு எங்களைக் காலையில் வந்து சாயங்காலம் போகிற ஆட்களாக ஆக்கிவிட்டாயே என்று முதலில் கோபம் வந்தது. அடுத்த நாள் உன் அப்பா சொன்னார், திருவாரூரில் வாடகைக்கு வீடு பார்க்கச் சொல்லியிருக்கிறாயாம், சுகன்யா வேலைக்குப் போய்வர அதுதான் வசதி என்றாயாம். அவள் பார்க்கும் ஆஸ்பத்திரி லேப் வேலைக்கு இங்கிருந்தும் பஸ் இருக்கிறது. வசதிக்காக இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டால், இந்த வீட்டு நிலைப்படி எது என்றே தெரியாமல் என் பேரன் வளர்ந்துவிடுவான். அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அது மட்டும் இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பங்குனியில் நீ பணம் அனுப்பினாய். சுகன்யா பிரசவத்துக்கு அம்மா வீடு போனவள், ஐந்தாம் மாதம் குழந்தையோடு சித்திரையில் இங்கே வரப்போகிறாள், வருவது கத்திரி வெயில் நேரம், வடக்கு ரூமில் ஏசி மாட்டிவிடுங்கள் என்றாய். "நான் வெயில்ல நின்னு சம்பாதிக்கிற காசும்மா. என் புள்ள படுக்கிற ரூம்லயாவது குளுகுளுன்னு இருக்கட்டும்" என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. திருவாரூர் கடையிலிருந்து மாட்ட வந்த ஆட்கள் ரூமைச் சுற்றிப் பார்த்தார்கள். வெளியே வைக்கிற பெட்டியை வடகிழக்கு மூலைச் சுவரில் வைத்தால் வேப்பமர நிழலும் இருக்கும், காற்றும் வரும், பைப்பும் குறைவாகப் போதும் என்றார்கள். நான் ஒப்பவில்லை. அது வீட்டின் ஈசானிய மூலை, சுவருக்கு இந்தப் பக்கம் சாமி மாடம். விளக்குக்குப் பின்னால் சுவரைத் துளை போட்டு, அங்கே ஒரு மிஷின் ராப்பகலாக அனலைக் கக்கிக்கொண்டு உட்கார்ந்தால் வீடு விளங்குமா என்றேன். அவர்கள் உன்னிடம் போனைக் கொடுத்தார்கள். நீ, "அம்மா காட்டுற எடத்துல வைங்கண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

நான் காட்டிய இடம் பின்பக்கம், மாட்டுக்கொட்டகையை ஒட்டின சுவர். செம்புப் பைப்பை வீட்டு நீளத்துக்கும் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதற்குத் தனியாகக் காசு கேட்டார்கள். நான் முகம் கோணாமல் கொடுத்தேன், சாமி காரியத்துக்குக் கொடுக்கிற மாதிரி. மாடு நிற்கிற இடம், அங்கே லட்சுமி இருக்கிறாள், அவள் பார்வையில் இருக்கட்டும் என்று நினைத்தேன். மாட்டு மூத்திரம் ஓடிவந்து தேங்குகிற குழிக்கு நேர் மேலே பெட்டி உட்கார்ந்தது. மாட்டிய ஆட்களில் ஒருவர் மூக்கைச் சுளித்து, நெடி தாங்கலையே அம்மா என்றார். "மாட்டு வாசம் மனுசனுக்கே நல்லது, மிஷின என்ன பண்ணும்" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சித்திரையில் சுகன்யா வந்தாள். முதல் நாள் ராத்திரி ஏசியைப் போட்டபோது குழந்தை கையைக் காலை உதைத்துக்கொண்டு சிரித்தது, அதை உனக்கு வீடியோ எடுத்து அனுப்பியதே நான்தான். அது என் நல்ல காலம். கரண்ட் பில் வந்ததும் என் புத்தி மாறியது. ரிமோட்டை எடுத்துக்கொண்டு போய் சாமி மாடத்தில் விபூதிக் கிண்ணத்துக்குப் பின்னால் வைத்தேன். ஒளித்து வைக்கவில்லை, எங்கே இருக்கிறது என்று சொல்லித்தான் வைத்தேன். தேவைப்பட்டால் வந்து எடுக்கட்டும், எடுக்கும்போது ஒரு நிமிஷம் யோசிக்கட்டும் என்பது என் எண்ணம். இதைச் சிக்கனம் என்று நினைத்தேன். இதன் மீதியைப் பின்னால் சொல்கிறேன், அதை எழுத இன்னும் கை வரவில்லை.

ஆனி மாதம் ஏசியிலிருந்து வெறும் காற்று வந்தது. பாஸ்கரைக் கூப்பிட்டேன். நன்னிலம் கடைத்தெருவில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிற பையன், வாய் ஓயாது, கை வேகம். கேஸ் இறங்கியிருக்கிறது, போட்டுவிடலாம், இரண்டாயிரத்து எண்ணூறு ஆகும், எங்கே ஒழுகுது என்று பார்க்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஐந்நூறு என்றான். பார்க்க வேண்டாம், போட்டுவிட்டு நீ கிளம்பு என்றேன். ஐந்நூறு மிச்சம் பண்ணிவிட்டதாக அன்றைக்கு எனக்கு எவ்வளவு திருப்தி தெரியுமா. அந்த இரண்டாயிரத்து எண்ணூறை என் செலவு நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதினேன் தெரியுமா, வீட்டுச் செலவில் இல்லை, சுகன்யா பெயர் போட்டு எழுதினேன். அடுப்பு சிலிண்டர் மாதிரி, எரிய எரியத் தீர்ந்துபோகிற சாமான்தான் ஏசி கேஸும் என்று நினைத்திருந்தேன். அதிகம் ஓட்டினவள் கணக்கில்தானே அது சேரும்.

ஆடியில் மறுபடியும் அதே கதை. ஆற்றில் தண்ணீர் வந்து, வாய்க்கால் நிரம்பி, நாற்றங்கால் எல்லாம் ஈரமாக இருந்த நேரம். நம்ம ஊர்ப் புழுக்கம் உனக்குத் தெரியும், காயப்போட்ட துணி அப்படியே நனைந்தபடி கொடியில் தொங்கும். குழந்தைக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. பாஸ்கர் வந்து ஏசி மூடியைத் திறந்தபடியே, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுது என்று பொதுவாகக் கேட்டான். சுகன்யா, ராத்திரி குழந்தை தூங்கும்போது மட்டும்தான் என்றாள். அப்போதுதான் நான் பேசினேன்.

"ஷீட்டு வீட்டுல வளந்தவங்களுக்கு ஏசி கெடச்சா ராத்திரி எது, பகல் எது" என்றேன்.

பாஸ்கர் சாமான் பைக்குள் எதையோ தேடினான். ராணி சொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உன் அப்பா, "ஏய்" என்று ஒரு வார்த்தை சொன்னார், அது எனக்கா மாட்டுக்கா என்று தெரியாத மாதிரி. சுகன்யா குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். குரலை ஏற்றவே இல்லை. "அந்த ஷீட்டுக்குக் கீழதான் அத்தை உங்க பேரன் அஞ்சு மாசம் இருந்தான். ஒரு வேர்க்குரு வரல" என்றாள். உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் அவள் தம்பி வண்டி எடுத்துக்கொண்டு வந்தான். ஆடிக்குப் போயிட்டு வரேன் அத்தை என்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போனாள். கல்யாணமான முதல் ஆடிக்குத்தான் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைப்பார்கள், கையில் பிள்ளையோடு யார் ஆடிக்குப் போகிறார்கள். ஆனாலும் தெருவில் கேட்டவர்களுக்கு நானும் அதையே சொன்னேன். அவள் எனக்காக ஒரு பொய்யை விட்டுவிட்டுப் போனாள், நான் அதைப் பத்திரமாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

அவள் உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியும். "அம்மா அப்படித்தான், மனசுல வெச்சுக்காத" என்றிருப்பாய். சின்ன வயசிலிருந்து நீ அப்படித்தான். ஏழாவது படிக்கும்போது உன் சைக்கிள் ஞாபகம் இருக்கிறதா. பஞ்சர் ஒட்டின மறுநாளே மறுபடி காற்று இறங்கும். வரப்பு மேலே ஓட்டுகிறாய், கல்லில் ஏற்றுகிறாய் என்று உன்னைத் திட்டி, சைக்கிளைப் பூட்டி வைத்து, ஒரு வாரம் நன்னிலத்துக்கு நடக்க விட்டேன். நீ ஒன்றும் சொல்லாமல் நடந்தாய். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயே டயரைக் கழற்றி உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்து, குத்திக்கொண்டிருந்த கருவேல முள்ளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாய். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அந்த முள்ளை வேலியில் எறிந்துவிட்டு, போய்ச் சாப்பிடு என்றேன். ஓட்டினவனைத் திட்டுவது எனக்குச் சுலபமாக வருகிறது, டயருக்குள்ளே கை விட்டுப் பார்ப்பது வருவதில்லை. நீ அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், உன்மேல் பழி போடவில்லை, நீ சின்னப்பிள்ளை. ஆனால் இப்போது நீ சின்னப்பிள்ளை இல்லை. உன் மனைவி ஒரு குறை சொன்னால், அம்மா அப்படித்தான் என்று சொல்லி முடிக்காதே. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நீ அதைச் சொல்கிறாய். அது அவளுக்கும் உதவவில்லை, எனக்கும் உதவவில்லை. என்னம்மா பேசினே என்று என்னைக் கேள். ஒரு தடவை கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஆனால் ஆவணிக்குள் குத்தாலம் போயிருப்பேன்.

ஆவணியும் போனது, அவள் வரவில்லை. வடக்கு ரூமைப் பூட்டி வைத்திருந்தோம். புரட்டாசியில் மழையும் இல்லாமல் காற்றும் இல்லாமல் ஒரு வாரம் வேகவைத்தது. உன் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. அந்த ரூமைத் திறந்து ஏசியைப் போட்டேன், ஆடியில் புதிதாகக் கேஸ் போட்ட ஏசி. வெறும் காற்று. யாரும் ஓட்டாத ஏசி, தம்பி. அதை ஓட்டித் தீர்த்தவள் என்று நான் சொன்னவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். நான் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். அந்த இடத்திலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. அதற்குமேல் தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தான் மனசு ஆசைப்பட்டது.

பாஸ்கர் வந்தான். இந்தத் தடவை ஐந்நூறு நானே கொடுக்கிறேன், எங்கே ஒழுகுது என்று பார் என்றேன். கொட்டகைப் பக்கம் போய்ப் பெட்டியின் மூடியைக் கழற்றினான். அவன் சோப்புத் தண்ணீர் கலக்குவதற்கு முன்னாலேயே நான் பார்த்துவிட்டேன். உள்ளே செம்புக் குழாய் எல்லாம் பச்சையும் கறுப்புமாகக் களிம்பு பிடித்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டு செம்புக் குடம் தேய்க்கிறவள் நான். கோமியம் பிடித்து வைத்த செம்புச் சொம்பு ராத்திரி கொட்டகையில் கிடந்தால் காலையில் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாதா. அதனால்தானே ராணிக்குக்கூடச் செம்பு கொண்டுவராதே, எவர்சில்வர் கொண்டுவா என்று நானே சொல்லியிருக்கிறேன். ஊருக்கே சொல்லத் தெரிந்தவளுக்கு, அந்தக் குழிக்கு மேலேயே செம்பைக் கொண்டுபோய் மாட்டினோமே என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. பாஸ்கர் சோப்பு நுரையைத் தடவினான், குழாயில் ஊசிமுனை ஊசிமுனையாகக் குமிழி வந்தது. அவனுக்கு எப்போதும் ஒரு சிரிப்பு வேண்டும். "கேஸத் தின்னது மருமக இல்லம்மா, மாடு" என்றான். பிறகு, யாரும்மா இந்த எடத்தக் காட்டுனது என்று கேட்டான்.

"மாட்ட வந்தவங்களே வெச்சிட்டுப் போயிட்டாங்க" என்றேன்.

உன் அப்பா அப்போது மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காயில் என்கிற அந்தக் குழாய்ச் சுருள் முழுசும் மாற்ற வேண்டும், ஒன்பதாயிரத்து ஐந்நூறு ஆகும், இடமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதுசையும் தின்றுவிடும் என்று பாஸ்கர் சொல்லிவிட்டுப் போனான். அவன் வண்டி தெரு திரும்பின பிறகு உன் அப்பா கை கழுவிவிட்டு வந்தார். ஏசியைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் வேறு ஒன்று சொன்னார்.

"ரிமோட்ட சாமி மாடத்துல கொண்டு வெச்சியே. விலக்கான நாள்ல அந்தப் பொண்ணு எப்படி வந்து எடுக்கும்?"

நம் வீட்டில் அந்த நாட்களில் சாமி மாடத்துப் பக்கம் போகக்கூடாது. அந்த வழக்கத்தைக் கல்யாணமான புதிதில் சுகன்யாவுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான். அவள் ஒருநாளும் தவறவில்லை. ஆனியில் ஒரு தடவை, அந்த நாட்களில், ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த உன் அப்பா பார்த்திருக்கிறார். ஏசி ஓடாமல், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு பழைய காலண்டர் அட்டையால் குழந்தைக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். ஏம்மா போடலை என்று கேட்டதற்கு, குழந்தைக்குச் சளி மாமா என்றாளாம். குழந்தைக்குச் சளி இல்லை. நான் அந்த நாட்களில் ஏசி சத்தம் கேட்கவில்லையே என்று கவனித்தேன். பரவாயில்லை, பெண் சிக்கனம் பழகிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். என்னிடம் எடுத்துத் தரச் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். கேட்கிற மாதிரி நான் முகத்தை வைத்திருந்தால் கேட்டிருப்பாள்.

உன் அப்பாமேல் எனக்கு ஆத்திரம் வந்தது. தெரிந்தவர் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை. அவரும் உன்னை மாதிரிதான், சண்டை வேண்டாம் என்று சும்மா இருப்பார். நீங்கள் இரண்டு பேரும் சும்மா இருந்ததெல்லாம் அவள் தலையில்தான் விடிந்திருக்கிறது. இதைக் கோபத்தில் சொல்லவில்லை. வீட்டுக்கு ஒரு சாமான் வாங்கிக் கொடுத்தால் அதோடு கடமை முடிந்தது என்று நினைக்காதே. அது யார் கையில் இருக்கிறது, யாரைக் கேட்டு அவள் அதைத் தொட வேண்டியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேள். நீ வெயிலில் நின்று அனுப்பிய குளிர்ச்சியை நான் விபூதிக் கிண்ணத்துக்குப் பின்னால் வைத்துப் பூட்டிவிட்டேன். சாமி பெயரைச் சொல்லிச் செய்தேன், அதுதான் எனக்கு ஆறவில்லை. ஈசானிய மூலையைக் காப்பாற்றினேன், விளக்குத் தவறாமல் ஏற்றினேன், எல்லாம் சரி. அந்த விளக்குக்கு அந்தப் பக்கம் என் பேரன் வேர்த்துக்கொண்டு கிடந்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் இவ்வளவு எழுதியும் பிரயோஜனமில்லை. உன் நிச்சயத்துக்கு அவர்கள் வீட்டுக்குப் போனோமே, ஷீட்டு அனல் தலையில் இறங்கிய மத்தியானம். இருந்த ஒரே டேபிள் பேனை என் பக்கமே திருப்பி வைத்தார்கள். சம்பந்தியம்மா தட்டில் கேசரியும் டம்ளரில் தண்ணீரும் கொண்டுவந்தார். நான் இன்றைக்குக் கிருத்திகை, விரதம் என்றேன். பையில் நான் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் இருந்தது, அதைத்தான் குடித்தேன். அன்றைக்குக் கிருத்திகை இல்லை, தம்பி. அவர்கள் சுவரிலேயே தினசரிக் காலண்டர் தொங்கியது. அந்தம்மா ஒரு தரம் அதைப் பார்த்தார். பிறகு, "சரிங்க, விரதத்தைக் கெடுக்க வேணாம்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் குடும்பத்துப் பெரியவர்கள் நம் மாதிரி ஆட்களின் வயலில் வேலை பார்த்தவர்கள். அந்தம்மா இன்றைக்குக் குத்தகைக்கு நிலம் எடுத்துத் தானே சாகுபடி பண்ணுகிறார், மகளைப் படிக்க வைத்திருக்கிறார். உன் ஆசைக்காக இந்தக் கல்யாணத்துக்கு நான் ஒப்புக்கொண்டதே பெரிய மனசு என்று உள்ளுக்குள் ஒரு வரவு எழுதி வைத்திருந்தேன் போலிருக்கிறது. அந்த வரவிலிருந்துதான் ஷீட்டு வீடு என்ற வார்த்தை வந்தது. ஏசி இல்லாவிட்டால் வேறு எதிலாவது வந்திருக்கும்.

அந்த வாரமே பாஸ்கரைத் திரும்பக் கூப்பிட்டேன். காயிலை மாற்றச் சொன்னேன். பெட்டியை வடகிழக்கு மூலைக்குக் கொண்டுவரச் சொன்னேன். ஈசானிய மூலையில் துளை போட்டாகிவிட்டது. போடும்போது சாமி மாடத்தில் சுண்ணாம்புத் தூள் கொட்டியது, துடைத்துவிட்டு விளக்கு ஏற்றினேன். கும்பிடும்போது எப்போதும்போலத்தான் இருந்தது. பாஸ்கர் கிளம்பும்போது, ராணியும் கொல்லையில் இருந்தாள், இரண்டு பேரையும் நிற்கச் சொன்னேன். கொட்டகைப் பக்கம் வைக்கச் சொன்னது நான்தான், அன்றைக்கு அந்தப் பெண்ணைப் பேசினது தப்பு, உங்களிடம் பொய் சொன்னதும் தப்பு என்றேன். பாஸ்கர், "சரி வுடுங்கம்மா" என்று தலையைச் சொறிந்தான். ராணிக்குச் சிரிப்பு. "ஊர்ல எந்த மாமியாரு பேசாதவ? இதுக்குப் போயி மைக்செட் வெக்கிறீங்க" என்றாள். "உன் முன்னால பேசினேன், உன் முன்னாலதானே சொல்லணும்" என்றேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு, அப்ப அந்தப் பொண்ணு முன்னாலயும் போய்ச் சொல்லுங்க என்றாள். அதுதான் மீதி இருக்கிறது.

ரிப்பேர் செலவுக்கு நீ பணம் அனுப்ப வேண்டாம். என் பால் காசில் கொடுத்துவிட்டேன். நோட்டில் சுகன்யா பெயரில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு என் பெயருக்கு மாற்றினேன். நோட்டில் மாற்றுவது சுலபமாக இருந்தது. நீங்கள் திருவாரூரில் வீடு எடுத்தாலும், அங்கே ஏசி மாட்டினாலும், அம்மா சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேள். சாக்கடை, கொட்டகை, கக்கூஸ் குழி பக்கம் பெட்டியை வைக்க விடாதே. உள்ளே இருக்கிற தூசி பிடிக்கிற வலையை நீயே கழற்றிக் கழுவு. கேஸ் தீர்ந்துபோச்சு என்று எவராவது சொன்னால், தீரும் சாமான் இல்லையே, எங்கே போகிறது என்று கேள். பார்க்கிறதுக்கு ஆகிற செலவை மிச்சம் பிடிக்காதே. நான் ஐந்நூறு மிச்சம் பிடித்து எதையெல்லாம் செலவழித்தேன் என்று இப்போது உனக்குத் தெரியும்.

காது குத்து குத்தாலத்திலேயே நடக்கட்டும். அதை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. வாடகை வீடு வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அது அவள் முடிவு. வடக்கு ரூமைத் துடைத்து வைத்திருக்கிறேன், ரிமோட் இப்போது கட்டில் தலைமாட்டில் ஆணியில் தொங்குகிறது, அவள் வந்தாலும் வராவிட்டாலும் அது அங்கேதான் இருக்கும். நான் கேட்பது ஒன்றுதான். தை வரைக்கும் காத்திருக்காமல், கூட்டத்தோடு கூட்டமாக இல்லாமல், நானும் உன் அப்பாவும் ஒருநாள் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். அவள் அம்மா முன்னால், அவள் தம்பி முன்னால் நான் அவளிடம் பேச வேண்டும். சொல்லாமல் போய் நின்று அவளைச் சங்கடப்படுத்த மாட்டேன். வரலாமா என்று நீ அவளிடம் கேள். நீயாகச் சரி என்று சொல்லிவிடாதே, அவளைக் கேட்டு, அவள் சொன்னதை அப்படியே எழுது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுது, நான் தாங்கிக்கொள்வேன். வரலாம் என்றால், சம்பந்தியம்மாவைச் சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்த்து எந்த விரதமும் இல்லாத நாளாக ஒன்று சொல்லச் சொல். அன்றைக்கு மத்தியானம் அங்கேதான் சாப்பிடுவேன், தண்ணீர் பாட்டில் கொண்டுவர மாட்டேன்.

சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா